என் பெயரில் ஓடிய சைக்கிள்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டது சின்ன உதவிதான். கோவிலம்பாக்கத்தில் உன் மாமனாருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, அவரும் என்னைப் போல வீட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதிக்க ஆசைப்படுகிறார், அதற்கு எந்த டிரெய்னர் வாங்கலாம், தினமும் ஓட்டியதை எப்படிக் குறித்து வைக்கலாம், நீங்கதானே அனுபவஸ்தர், நாலு வரி எழுதி அனுப்புங்கப்பா என்றாய். நாலு நாளாக நாலு வரி எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன். இரண்டாவது வரியிலேயே பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வயதில் இனிமேல் ஒரு பொய்யைச் சுமக்க முடியாது என்பதால் இந்த நீளக் கடிதம். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள். நான் இதை எழுதும்போது சமையலறையில் ரசத்துக்குத் தாளிக்கிற சத்தம் கேட்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

டிரெய்னர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அதில் பொய் எதுவும் இல்லை. மூன்று வகை என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். ஒன்று, ஜிம்மில் இருப்பதுபோல் முழு சைக்கிளாகவே வருவது. கூடத்தில் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும், ஆறு மாதத்தில் துணி காயப்போடத்தான் ஆகும். இரண்டாவது, இருக்கிற சைக்கிளின் பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சங்கிலியை நேரே இயந்திரத்தில் மாட்டுவது. சத்தமே இருக்காது, ஆனால் மாட்டவும் கழற்றவும் கை பழகியிருக்க வேண்டும். மூன்றாவது நம் வீட்டில் இருப்பது. பின் சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் பிடித்துவைத்து, டயரை ஒரு உருளையில் அழுத்தி ஓட்டுவது. மிதி எவ்வளவு கனக்க வேண்டும் என்கிற பாரத்தை அந்த உருளை கரன்ட்டில் கொடுக்கும், ஓட்டிய கணக்கைப் போனுக்கும் அனுப்பும். உன் மாமனாருக்கு இது போதும். சைக்கிளின் அச்சு அந்த ஸ்டாண்டில் உட்காருமா என்று பார்த்துவிட்டு வாங்கச் சொல். கட்டை கட்டையாக இருக்கிற டயரை எடுத்துவிட்டு வழவழப்பான டயர் போடச் சொல், இல்லாவிட்டால் மாவு மில் மாதிரி இரையும். டைல்ஸ் தரையில் கனமான ரப்பர் விரிப்பு ஒன்று கட்டாயம். எதிரே ஒரு டேபிள் ஃபேன், ஹேண்டில்பார் மேல் ஒரு பழைய துண்டு. நம் ஊர்ப் புழுக்கத்தில் சொட்டுகிற வேர்வைக்கு இரும்பு ரொம்ப நாள் தாங்காது.

அதை வாங்கிய அன்று மாட்ட கேம்ப் ரோடு சைக்கிள் கடைக்காரரைக் கூட்டிவந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நான் என் பழைய கறுப்பு சைக்கிளைத்தான் மாட்ட வேண்டும் என்று அடம்பிடித்தேன். அதன் பின்னச்சு ஸ்டாண்டில் உட்காரவில்லை. கடைசியில் நீ பிளஸ் ஒன் படிக்கும்போது வாங்கிய கியர் சைக்கிளை மாடிப்படிக்குக் கீழிருந்து இழுத்துத் தூசி தட்டினோம். மாட்டி முடித்து நீ ஏறி மிதித்துக் காட்டியதும் அவர் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். "இன்னா சார் இது, மாஞ்சி மாஞ்சி மிதிக்கிது பொண்ணு, வண்டி அங்கியே கீது" என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காபி டம்ளர் ஆடியது. அவள் அன்றே அந்தச் சைக்கிளை வேறு மாதிரி பார்த்திருக்கிறாள். நான்தான் கவனிக்கவில்லை.

என் கறுப்பு சைக்கிள் மேல் எனக்கு இருந்த கர்வம் உனக்குத் தெரியும். சேலையூரிலிருந்து தாம்பரம் ஸ்டேஷன், சைக்கிள் ஸ்டாண்டில் வண்டி, அங்கிருந்து மின்சார ரயிலில் கிண்டி, சாயங்காலம் திரும்பவும் அதே வழி. முப்பது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் போனேன். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். உனக்கு ஏழு வயதானபோது காலனி மைதானத்தில் நான்தான் உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். நான்காவது ஞாயிறு நான் பிடியை விட்டது தெரியாமல் நீ வேப்பமரம் வரைக்கும் போய்விட்டாய். அம்மா தண்ணீர் பாட்டிலோடு ஓரத்தில் நின்றிருந்தாள். நீ இறங்கியதும், எனக்கும் ஒருநாள் கத்துக்கொடுங்களேன் என்றாள். நான் யோசிக்கக்கூட இல்லை. "சேலை கட்டிக்கிட்டு சைக்கிளா? தெருவே சிரிக்கும்" என்றேன். நீயும் சிரித்தாய், உனக்கு அப்போது விவரம் இல்லை. எனக்கு இருந்தது. அவள் இரண்டாவது முறை கேட்கவில்லை.

நீ பன்னிரண்டாவது பரீட்சை எழுதி முடித்த கோடையில் நாம் இரண்டு பேரும் சிங்கப்பெருமாள் கோவிலுக்குச் சைக்கிளில் போனோமே, அதை நீ இன்னும் உன் அலுவலக நண்பர்களுக்குச் சொல்வதாகச் சொன்னாய். விடியும்போது கிளம்பி வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று ஜி.எஸ்.டி. ரோட்டோரமாகவே மிதித்தோம். மறைமலைநகர் தாண்டியதும் உன் சங்கிலி கழன்றது, என் கையெல்லாம் கிரீஸ். லாரிக்காரர்கள் உன்னைப் பார்த்து ஹாரன் அடித்தால் நீ பதிலுக்கு மணி அடித்தாய். அம்மா புளியோதரைத் தூக்கோடு ரயிலில் வந்து நமக்கு முன்னாலேயே கோவில் படியில் உட்கார்ந்திருந்தாள். தரிசனம் முடிந்து மலையைச் சுற்றிவந்து சாப்பிட்டோம். வழியெல்லாம் எப்படி இருந்தது என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஏற்றம் எங்கே வந்தது, இறக்கத்தில் காற்று எப்படி அடித்தது, மிதிக்காமலே எவ்வளவு தூரம் போனது என்று. உன்னைப் பற்றிய கவலையில்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, பத்திரமாத்தானே கூட்டிட்டு வந்தேன் என்று சலித்துக்கொண்டேன். திரும்பும்போதும் அவள் தனியாக ரயிலில்தான் போனாள், காலித் தூக்கோடு. அந்த நாளை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. கூடவே அந்தக் காலித் தூக்கும் ஞாபகம் வருகிறது.

இனி நான் மறைத்தது. போன வருஷம் எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது நீ ஜெர்மனியிலிருந்து ஓடிவந்து மூன்று வாரம் இருந்தாய். டாக்டர் மெதுவாகச் சைக்கிள் மிதிக்கலாம் என்றதும் டிரெய்னர் வாங்கி, என் போனில் அந்த ஆப்பைப் போட்டு, என் பெயரில் கணக்குத் தொடங்கி, இதயத் துடிப்பை எண்ணுகிற பட்டையை மார்பில் கட்டக் கற்றுக்கொடுத்து, நான் ஓட்டுவதெல்லாம் உன் போனிலும் தெரிகிற மாதிரி செய்துவிட்டு விமானம் ஏறினாய். முதல் இரண்டு நாள் ஒழுங்காக ஓட்டினேன். மூன்றாவது நாள் நாலு நிமிஷத்தில் நெஞ்சு திக் திக்கென்று அடித்துக்கொண்டது. சைக்கிள் மிதித்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? அது புத்திக்குத் தெரிகிறது. எனக்கோ ஆஸ்பத்திரியின் அந்த வெள்ளை விளக்கு கண்முன் வந்துவிட்டது. இறங்கிவிட்டேன். பயந்துவிட்டேன் தேனு. முழங்கால் தண்ணீரில் சைக்கிள் தூக்கிய உன் அப்பா, கூடத்தில் நகராமல் நிற்கிற சைக்கிளுக்குப் பயந்தேன். மறுநாள் ஓட்டவில்லை. இன்னிக்கு ஏன்பா ஓட்டலை, உடம்பு சரியில்லையா என்று உடனே செய்தி அனுப்பினாய். படித்துவிட்டுப் போனை அம்மாவிடம் நீட்டினேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "இன்னிக்கு ஒரு நாள் நான் மிதிச்சுடறேங்க. பாவம், அங்க உட்கார்ந்து கவலைப்படுவா" என்றாள். உள்ளே போய் நீ விட்டுப்போன சுடிதார் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஏறத் தெரியவில்லை, ஸ்டூல் போட்டு ஏற்றினேன். விழாத சைக்கிள், கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? பத்து நிமிஷம் மிதித்தாள். நீ இரண்டு கட்டைவிரல் அனுப்பினாய். ஒரு நாள் என்பது இரண்டு நாளாகி, வாரமாகி, அப்படியே நிலைத்துவிட்டது. சீட்டை அவள் உயரத்துக்கு இறக்கினோம். வீடியோவில் ஒருமுறை நீ, சீட் ஏன்பா இவ்வளவு கீழே இருக்கு என்று கேட்டாய். முட்டி வலி என்று சொன்னேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது எட்டு மாதம் ஓடியது.

எட்டு மாதத்தில் எவ்வளவு பாராட்டு வாங்கினேன்! குடும்ப குரூப்பில் நீ என் வாராந்தரக் கணக்கைப் போடுவாய், அத்தனை பேரும் கைதட்டுவார்கள். உன் நாத்தனார் வளைகாப்பில் உன் மாமனார் என் தோளில் தட்டி, இந்த வயசுல சம்பந்தி அரை மணி நேரம் அசராம மிதிக்கிறார் என்று பந்தி முழுக்கச் சொன்னார். நானும் சும்மா இருக்காமல், மூச்சை எப்படி விட வேண்டும், எப்போது பாரத்தைக் கூட்ட வேண்டும் என்று ஊருக்கு உபதேசம் செய்தேன். பக்கத்து இலையில் அம்மா தலையைக் குனிந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில காலைகளில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கரன்ட் போய்விடும். அப்போது பாரம் போய் மிதி லேசாகிவிடும், போனிலும் எதுவும் ஏறாது. நான் இறங்கச் சொல்வேன். அவள் இறங்க மாட்டாள். ஜன்னலைத் திறந்துவிடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு வேகமாக மிதிப்பாள். கணக்கில் வராத மிதி எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். கணக்கில் வருவதெல்லாம் உங்களுடையது, இதுதான் என்னுடையது என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள், நானும் விளையாட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்த போன். "அப்பா, மூணு வாரமா உங்க ஹார்ட் ரேட் சரியில்ல. அதே பாரம், அதே வேகம், முன்னாடி நூத்திப் பதினெட்டு காட்டும், இப்ப நூத்தி ஐம்பது. ஓட்டி முடிச்சப்புறமும் இறங்க மாட்டேங்குது. நாளைக்கே டாக்டரைப் பாருங்க" என்றாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுநாளே நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய் என் இதயத்தைக் காட்டினேன். ஈ.சி.ஜி., எக்கோ, எல்லாம். ரொம்ப நல்லா இருக்கு சார் என்றார் டாக்டர். பாஸான பையன் மாதிரி ரிப்போர்ட்டைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். அப்படின்னா பட்டையிலதான் கோளாறு, பேட்டரி மாத்துங்கப்பா என்று நீ நிம்மதியானாய். நானும் கடைக்குப் போய் பேட்டரி வாங்கிப் போட்டேன். இதை எழுத கை கூசுகிறது. எட்டு மாதம் அந்த எண்களை என்னுடையவை, என்னுடையவை என்று சொல்லிச் சொல்லி, அவை யாருடைய நெஞ்சிலிருந்து வருகின்றன என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நான் ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டியபோது அம்மா, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே, அது போதும் என்று மட்டும் சொன்னாள்.

அவள் மெலிந்துகொண்டே வந்தாள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் கேட்டார்கள், அவளிடம் ரகசியமாக நான், பார், சைக்கிளின் பலன் என்றேன். வேர்த்துக் கொட்டியது, அதுவும் சைக்கிள். தூக்கம் குறைந்தது, வயசு என்றோம். பேட்டரி மாற்றிய நாலாம் நாள் காலை அவள் இறங்கி நாற்காலியில் இளைப்பாறிவிட்டு, முதுகுப் பக்கம் கையை விட்டுப் பட்டையின் கொக்கியைக் கழற்றப் பார்த்தாள். விரல்கள் நடுங்கின, கொக்கி கழலவில்லை. நான் கழற்றப் போனேன். அவள் உட்கார்ந்து பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, போனில் எண் இன்னும் நூற்று முப்பதில் துள்ளிக்கொண்டிருந்தது. பேட்டரி புதுசு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த நெஞ்சைக் காட்ட வேண்டுமோ அதை வீட்டில் விட்டுவிட்டு, வேறு நெஞ்சைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

சேலையூரிலேயே ஒரு லேடி டாக்டர். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். நான் போனை நீட்டி, இது என் பேர்ல இருக்கு, ஆனா இவங்களோடது என்று உளறினேன். அம்மா பையிலிருந்து நம் சமையலறை மாதக் காலண்டரை எடுத்தாள். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியெல்லாம் எழுதுவாளே, அதேதான். ஒவ்வொரு நாள் கட்டத்திலும் பென்சிலால் பொடிப் பொடியாக எழுதியிருந்தாள். இருபது நிமிஷம், நல்லா இருந்தது. இருபத்தைந்து, மூச்சு வாங்கியது. கரன்ட் இல்லை, சந்தோஷம். பதினைந்து, கை நடுக்கம். டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். தைராய்டு அளவுக்கு மேல் வேலை செய்து இதயத்தைத் துரத்திக்கொண்டிருந்திருக்கிறது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் இதயத்தில் நிரந்தரமான கோளாறே வந்திருக்கலாம் என்றார். மாத்திரை தொடங்கியாயிற்று. துடிப்பு இறங்கும்வரை சைக்கிள் கூடாது என்று உத்தரவு. இந்த மூன்று வாரம் உன் போனில் ஒன்றும் வராததற்கு வைஃபை ரிப்பேர் என்று நான் சொன்னதும் புளுகுதான்.

ஆட்டோவில் திரும்பும்போது அவளிடம் கோபப்பட்டேன். காலண்டரில் எழுதத் தெரிந்தது, என்னிடம் சொல்லத் தெரியவில்லையா என்று. அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சொன்னா நிறுத்தச் சொல்லிடுவீங்க."

கேம்ப் ரோடு நெரிசலில் ஆட்டோ நின்றுகொண்டே இருந்தது. மைதானமும் தண்ணீர் பாட்டிலும் எனக்கு ஞாபகம் வந்தன. இருபத்தைந்து வருஷம் முன்னால் நான் அலட்சியமாகச் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பயந்து, அவள் தன் உடம்புக்கு வந்ததைக்கூடச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். நீ கல்யாணமானவள். உன் வீட்டில் யாராவது ஒரு தடவை கேட்டுவிட்டு அப்புறம் கேட்காமல் விட்ட விஷயம் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார். உன்னிடமும் அதைக் கேட்டுக்கொள்.

இப்போது உன் மாமனாருக்கு. அந்த ஸ்டாண்டு வகையே வாங்கிக் கொடு. குறித்து வைக்க ஆப் நல்லதுதான், எண் பொய் சொல்லாது. ஆனால் எண்ணுக்கு முகம் கிடையாது, யார் பெயரைப் போட்டாலும் பேசாமல் இருக்கும். அதனால் பக்கத்தில் ஒரு காலண்டரும் பென்சிலும் வைக்கச் சொல். எவ்வளவு நேரம், எவ்வளவு துடிப்பு என்பதோடு, எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை எழுதட்டும். முதல் நாளே உன் மாமியாரையும் ஏறிப் பார்க்கச் சொல். அவர் வேண்டாம் என்றால் இரண்டாம் தடவையும் கேள். ஏறினால் அவர் பெயரில் தனிக் கணக்கு. எங்கள் கணக்கையும் நீதான் சரிசெய்ய வேண்டும். அந்த எட்டு மாதத்தையும் அப்படியே அம்மா பெயருக்கு மாற்ற முடியுமா என்று பார். குடும்ப குரூப்பில் நானே எழுதுகிறேன், அதை நீ செய்யாதே. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், இந்தத் தடவை தெரு என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

போன வாரம் டாக்டர், துடிப்பு இறங்கிவருகிறது, அடுத்த மாதம் மெதுவாகத் தொடங்கலாம் என்றார். அம்மா ஆட்டோவில் ஏறும்போதே டயரில் காற்று இருக்கிறதா என்று கேட்டாள். அதுவரை சைக்கிள் சும்மா நிற்க வேண்டாமே. நேற்று சீட்டை ஏற்றினேன். எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது, அம்மாதான் பிடித்துக்கொண்டாள். சீட்டுக் கம்பியில் அவள் உயரத்துக்கு நேராக ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், மறுபடி இறக்க வசதியாக. நாளைக் காலை அவள் எதிரே ஸ்டூல் போட்டு உட்காருவாளாம், நான் பயந்தால் பேச்சுக் கொடுப்பாளாம். நீ எழுந்து போனைப் பார்க்கும்போது என் பெயரில் பத்து நிமிஷம் என்று ஒன்று வந்திருக்கும். வேகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள். துடிப்பு கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும். கவலைப்படாதே, அது என்னுடையதுதான்.

உன் அப்பா